கரிநாள் விருந்தில் கறி உண்ணாத மருமகள்

கேள்வி:

கடந்த ஆடி மாதம் முதல் நான் புலால் உண்பதை விட்டுவிட்டேன். நேர்த்திக்கடனோ மதக் காரணமோ இல்லை. ஓர் உயிரைக் கொன்று உண்ண மனம் ஒப்பவில்லை. பால், தயிர் உண்கிறேன், முட்டையும் இல்லை. நாங்கள் குடியாத்தம் பக்கத்துக் குடும்பம். பெங்களூரு ஜீவன் பீமா நகரில் மாமியாரோடு வசிக்கிறோம். பொங்கலன்று சைவம். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாளான கரிநாளில், மறைந்த மாமனாருக்குப் படையல் வைத்து, ஆட்டுக்கறிக் குழம்பும் நாட்டுக்கோழி வறுவலுமாக இருபது பேர் கூடி உண்பது எங்கள் வழக்கம். தீபாவளியன்று நான் இட்லிக்குச் சட்னி மட்டும் தொட்டுக்கொண்டேன். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவரும் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. சின்ன மாமனார், "என்னம்மா, எங்களைவிட உசந்த சாதி ஆயிட்டியா?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டார். "குழம்பை மட்டும் ஊத்திக்கோ, கறி வேணாம்" என்கிறார் கணவர். வருகிற கரிநாளுக்கு நான் என்ன செய்வது? என் கையால் கறி சமைக்கத்தான் வேண்டுமா? படையல் சோற்றை உண்ணாமல் இருப்பது தவறா? எட்டு வயது மகனுக்கு என்ன சொல்வது? சத்துக் குறைந்துவிடும் என்று எல்லாரும் அச்சுறுத்துவதில் உண்மை உண்டா?

— ஒரு வாசகி, பெங்களூரு

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என் மனம் நின்ற இடம், அத்தையும் அன்று சரியாகச் சாப்பிடவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதுதான். உணவியல் ஆலோசகரிடம் வரும் கேள்வி பெரும்பாலும் புரதத்தைப் பற்றியோ இரும்புச்சத்தைப் பற்றியோ இருக்கும்; அதற்கான பதிலையும் கீழே எழுதுகிறேன். ஆனால் உங்கள் வீட்டுச் சிக்கல் சத்தைப் பற்றியதன்று. விடியற்காலையில் எழுந்து இருபது பேருக்குச் சமைக்கும் ஒரு பெண்மணி, தன் கைப்பக்குவத்தை வீட்டு மருமகள் ஒருத்தி மட்டும் தொடவில்லை என்பதைப் பார்க்கிறார். அவருக்கு அது கறியை மறுத்ததாகத் தெரியவில்லை. தன்னை மறுத்ததாகத் தெரிகிறது. இதைச் சரிசெய்ய நீங்கள் கறி உண்ண வேண்டியதில்லை என்பதை முதலிலேயே உறுதியாகச் சொல்லிவிடுகிறேன்.

சற்று யோசித்துப் பாருங்கள். இதே அத்தை புரட்டாசி மாதத்தில் கறி வாங்குவதே இல்லையென்றுதான் நினைக்கிறேன். உங்கள் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றிலும் அதுவே வழக்கம். உறவில் யாரேனும் ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தால், கார்த்திகை தொடங்கி மகரஜோதி வரை அவருக்கென்று தனிப் பாத்திரம், தனிச் சமையல், அவர் வரும் நாளில் வீட்டில் யாருமே புலால் தொடாமை என எல்லாம் ஒரு முணுமுணுப்பும் இன்றி நடக்கும். ஆகவே, கறி உண்ணாத ஒருவரை நடுவில் உட்கார வைத்து மகிழ்ச்சியாகப் பரிமாறும் முறை உங்கள் வீட்டுக்குப் புதியதன்று. மாலை போட்டவரின் விரதத்துக்கு முடிவுநாள் உண்டு என்பதும், அதற்குச் சாமியின் பெயர் காரணமாக இருக்கிறது என்பதும்தான் வேறுபாடு. உங்கள் முடிவுக்கு முடிவுநாளும் இல்லை, எல்லாருக்கும் தெரிந்த பெயரும் இல்லை. அதனால் இது எங்கே கொண்டுபோய் நிறுத்தும், நாளை தனி அடுப்பு கேட்பாளா, பேரனையும் மாற்றிவிடுவாளா என்ற அச்சம் பெரியவர்களுக்கு எழுவது இயல்பு. அந்த அச்சத்தைத் தீர்ப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

எனவே பேச்சை விருந்து நாளுக்கு விட்டுவைக்காதீர்கள். போகிக்கு ஒரு வாரம் முன்பே, அடுக்களையில் அத்தையும் நீங்களும் மட்டும் இருக்கும்போது பேசுங்கள். கணவரைத் தூது அனுப்ப வேண்டாம். கறி இனி உண்ணப்போவதில்லை என்பதை ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட்டு, மற்றவர்களுக்குச் சமைப்பதிலோ அவர்கள் உண்பதிலோ தடை ஏதும் இல்லை, தனி அடுப்பு கேட்கப் போவதில்லை, கரிநாள் வழக்கம்போலவே நடக்கட்டும் என்று அதே மூச்சில் சொல்லுங்கள். பிறகு ஓர் உதவி கேளுங்கள்: "அத்தை, உங்க கறிக்குழம்பு மசாலாவிலேயே எனக்கு ஒரு குழம்பு வெச்சுக் கொடுங்க." அவருடைய கைமணம் உங்களுக்கு வேண்டும் என்ற செய்தி அந்தக் கோரிக்கையிலேயே அவருக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

மருத்துவர் வேண்டாமென்றார், வயிறு ஒத்துக்கொள்ளவில்லை என்று சாக்குச் சொல்லித் தப்பிக்கப் பலர் முயல்வதைக் காண்கிறேன். அது வேண்டாம். ஆறு மாதம் கறி உண்ணாததால் அதைச் செரிக்கும் ஆற்றல் உடலை விட்டுப் போய்விடுவதில்லை. வீட்டில் யாரேனும் ஒருவருக்கு அது தெரிந்திருக்கும். தவிர, உடல்நலக் காரணம் சொன்னால், குணமானதும் உண்பாய் என்ற எதிர்பார்ப்பு அடுத்த பண்டிகைக்கும் தொடரும்.

சின்ன மாமனார் கேட்ட கேள்வியைக் கிண்டல் என்று ஒதுக்கிவிட முடியாது. நம் சமூகத்தில் சைவ உணவு வெறும் உணவாக மட்டும் இருந்ததில்லை. யார் வீட்டில் யார் தண்ணீர் குடிக்கலாம் என்பதுவரை அதை வைத்து உயர்வு தாழ்வு கற்பித்திருக்கிறார்கள். பெங்களூரில் வாடகைக்கு வீடு தேடிய எவரும், விலாசம் விசாரிப்பதற்கு முன்பே "நீங்கள் சைவமா?" என்று கேட்கப்பட்ட அனுபவத்தைச் சொல்வார்கள். கறி உண்பவர் என்பதற்காக வீடு மறுக்கப்பட்ட ஒரு பெரியவர், தன் குடும்பத்திலேயே ஒரு பெண் கறியை விட்டுவிட்டாள் என்று கேட்டால், நம்மைக் கண்டு வெட்கப்படுகிறாளோ என்றுதான் முதலில் நினைப்பார். அவர் கேட்டதில் கோபத்தைவிடப் பழைய காயம் அதிகம். ஆகையால் உங்கள் பேச்சில் "சுத்தம்" என்ற சொல் எக்காரணம் கொண்டும் வர வேண்டாம். கறி வேகும்போது முகத்தைச் சுளிப்பதோ, சன்னலைத் திறந்துவிடுவதோ, உங்கள் தட்டைத் தனியே கழுவி எடுத்துவைப்பதோ வேண்டாம். உங்கள் காரணம் உயிரிரக்கம் என்றால், அந்த இரக்கம் எதிரில் அமர்ந்திருக்கும் மனிதரின் மனத்தையும் சேர்த்தது அல்லவா? அவர் மீண்டும் கேட்டால், "உசந்தது தாழ்ந்தது ஒண்ணும் இல்லைங்க மாமா. எனக்கு மனசு வரல, அவ்வளவுதான். உங்களுக்கு நானே பரிமாறுறேன்" என்று சொல்லி, அவர் இலைக்கு வேண்டியதைக் கொண்டுபோய் வையுங்கள். பரிமாறவும் மனம் கூசுமானால் சோறு, ரசம், தயிர் ஆகியவற்றை மட்டும் உங்கள் பொறுப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். அதையும் யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள்.

இனி அடுக்களைக்கு வருவோம். கரிநாள் ஜனவரி நடுவில் வருவது உங்களுக்குப் பெரிய வாய்ப்பு. டிசம்பரில் தொடங்கி பிப்ரவரி வரை பெங்களூரில் பச்சை மொச்சைக் காலம். கன்னடத்தில் இதனை அவரேகாய் என்பார்கள். இதற்கென்றே ஆண்டுதோறும் அவரேபேளே மேளா நடத்திக் கொண்டாடும் ஊர் இது. மாகடிப் பக்கத்திலிருந்து வரும் காய்க்கு மதிப்பு அதிகம். தோலில் பிசுபிசுப்பும், உரித்த பின்னும் விரல்களில் நிற்கும் வாசனையும் உள்ள காயே நல்லது. இந்த மொச்சையைத் தோல் பிதுக்கிச் செய்யும் பிதுக்கம்பருப்புக் குழம்பு வேலூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்தில் பெயர்பெற்றது. உங்கள் அத்தைக்கு நான் செய்முறை சொல்ல வேண்டியதில்லை. குடியாத்தத்துக்காரருக்கு அது கைவந்த பண்டமாகவே இருக்கும். கறிக்குழம்புக்கு அரைக்கும் இஞ்சி, பூண்டு, பட்டை, கிராம்பு, சோம்பு, கசகசா, தேங்காய் மசாலாவேதான் இதற்கும். கறிக்கு மாற்றாக எங்கிருந்தோ இறக்குமதி செய்த பண்டமன்று. கறிக்குழம்புக்குப் பக்கத்திலேயே உங்கள் மண்ணில் காலங்காலமாகக் கொதித்து வந்த குழம்பு.

உரித்த மொச்சையை முந்தைய இரவே நீரில் ஊறப்போட்டுவிடுங்கள். காலையில் ஒவ்வொரு கொட்டையையும் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால், தோல் கையில் தங்கிப் பருப்பு வழுக்கிக்கொண்டு பாத்திரத்தில் விழும். இருபது பேருக்குப் பிதுக்குவது ஒருவர் வேலையன்று. மாட்டுப் பொங்கல் இரவில் வந்து தங்கும் நாத்தனார், குழந்தைகள் எல்லாரையும் கூட்டிவைத்துச் செய்யுங்கள். நேரம் இல்லையென்றால் பிதுக்கிய பருப்பே இங்கே சந்தையில் கிடைக்கும். ஆனால் முடிந்தவரை வீட்டில் பிதுக்குவதையே நான் பரிந்துரைப்பேன். உங்கள் குழம்புக்காக எல்லாரும் கைகொடுத்த பிறகு, அதை உங்கள் தனிப் பத்தியச் சாப்பாடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

மசாலாவைத் தனித்தனியாக அரைக்க வேண்டாம். கறிக்கும் மொச்சைக்கும் சேர்த்து ஒரே நேரத்தில் அத்தை அரைக்கட்டும். வெங்காயம், தக்காளி, மசாலா எல்லாம் வதங்கி எண்ணெய் பிரிந்து வரும் கட்டத்தில், கறி போடுவதற்கு முன், பாதியை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். இரண்டுக்கும் தனித்தனிக் கரண்டி. இவ்வளவு செய்தால் போதும்.

கறிக்குழம்பின் அடர்த்தி, எலும்பிலிருந்தும் கொழுப்பிலிருந்தும் இறங்குவது. கறியின் மணத்தில் பெரும்பகுதி, அது சூட்டில் சிவந்து வதங்குவதால் வருவது. மொச்சையில் அந்த எலும்பும் கொழுப்பும் இல்லை என்பதால், கசகசாவையும் தேங்காயையும் சற்றுக் கூடுதலாக அரைத்து ஊற்றி, சின்ன வெங்காயத்தை நன்றாகச் சிவக்கும் வரை வதக்கினால் அந்தக் குறை பெருமளவு நீங்கும். மீல்மேக்கர் போடுவதாக இருந்தால், உப்பிட்ட வெந்நீரில் ஊறவைத்து, நன்றாகப் பிழிந்து, எண்ணெயில் சிவக்க வறுத்த பிறகே குழம்பில் சேர்க்க வேண்டும். அப்படியே போடுவதால்தான் சப்பென்று ஆகி, "சைவத்தில் என்ன ருசி இருக்கு" என்ற பேச்சு வருகிறது. பலாக்காயும் காளானும் வறுவலுக்கு அருமையானவை, ஆனால் அவற்றில் புரதம் குறைவு. மென்று உண்ணும் நிறைவுக்காக மட்டும் அவற்றைச் சேருங்கள். பசியும் புரதத் தேவையும் மொச்சையாலோ மற்றப் பயறுகளாலோ தீர வேண்டும். உலர்ந்த மொச்சை 100 கிராமில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் உண்டு; வெந்து நீரேறிய பிறகு அதே எடையில் அது வெகுவாகக் குறையும் என்பதால், ஒரு கரண்டியோடு நிறுத்தாமல் கிண்ணம் நிறைய உண்ணுங்கள். கேழ்வரகுக் களி உங்கள் வீட்டு வழக்கமானால் அதற்கு இதைவிடப் பொருத்தமான குழம்பு இல்லை.

இந்தக் குழம்பை உங்களுக்கு மட்டும் ஒரு சிறு சட்டியில் வைக்காமல் எல்லாருக்கும் போதும்படி வையுங்கள். எல்லா இலையிலும் அது விழட்டும். ஒரு முன்னெச்சரிக்கை: உங்கள் பங்கை முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். கறி உண்பவர்கள் எல்லாரும் இதையும் ஒரு கை பார்ப்பார்கள் என்பதால், நீங்கள் கடைசிப் பந்தியில் உட்காரும்போது ரசமும் அப்பளமும் மட்டுமே மிஞ்சியிருக்கும். சைவத்துக்கு மாறிய பெண்கள் விருந்து நாளில் அரைப்பட்டினி கிடப்பதற்கு இதுவே முதற்காரணம்.

கணவர் சொல்லும் "குழம்பை மட்டும் ஊத்திக்கோ" என்பது அன்பால் சொல்வது. சைவத்துக்கு மாறிய ஒவ்வொருவரும் கேட்டிருக்கும் சொல் அது. ஆனால் கறியின் சாறும் கொழுப்பும் இறங்கியதுதான் கறிக்குழம்பு. உங்கள் மனம் ஒப்பாதது துண்டுக்கு மட்டும் பொருந்திச் சாற்றுக்குப் பொருந்தாமல் போகாது. இதில் இந்த முதல் ஆண்டே உறுதியாக இருங்கள். இப்போது விட்டுக்கொடுத்தால் அடுத்த ஆண்டும் அந்தப் பேரம் தொடரும். இலைக்கு முன் நீண்ட விளக்கம் வேண்டாம். "எனக்கு அந்தக் குழம்பு ஊத்துங்க" என்று மொச்சையைக் காட்டினால் போதும். கைதவறி ஒரு துண்டு உங்கள் இலையில் விழுந்துவிட்டால் எழுந்துவிடாதீர்கள். ஓரமாக ஒதுக்கிவிட்டு, படாத பக்கத்துச் சோற்றை உண்டு முடியுங்கள். ஒரே ஒரு நாள் உண்டால் என்ன என்று உங்களுக்கே தோன்றினால், அது உங்கள் விருப்பம். நான் அதைக் குற்றமாக நினைக்க மாட்டேன். பிறர் வற்புறுத்தலுக்காக உண்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். அந்தக் கசப்பு, உண்ண வைத்தவர்கள் மேல் திரும்பிவிடும்.

உங்கள் கையால் கறி சமைக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டியதில்லை. ஆனால் அதற்கு ஈடான வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். வெங்காயம் உரிப்பது, தேங்காய் துருவுவது, மொச்சைக் குழம்பு, பாயசம், இலை போடுவது என எத்தனையோ இருக்கின்றன. கறி கழுவுவதும் கிளறுவதும் உங்கள் கணவர் பார்க்கட்டும். "குழம்பை மட்டும் ஊத்திக்கோ" என்று சொல்லும் அக்கறை உள்ளவர், அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று ஒரு சட்டியைக் கிளறத் தயங்கக் கூடாது. வேலைச் சுமை முழுவதும் வயதான அத்தையின் மேல் விழுந்துவிட்டால், உங்கள் கொள்கைக்கான விலையை அவர் கொடுத்ததாகிவிடும். மனத்தாங்கலும் அங்கேயிருந்துதான் முளைக்கும்.

படையலைப் பற்றி: அந்த இலை மாமனாருக்கு உரியது. அவர் வாழ்ந்தபோது விரும்பி உண்டதை வைப்பதில் உங்கள் கொள்கை குறுக்கிட வேண்டியதில்லை. அதை மாற்றச் சொல்லவும் உங்களுக்கு உரிமை இல்லை என்றே நான் கருதுகிறேன். அதே இலையில் பிதுக்கம்பருப்புக் குழம்பும் ஓரிடம் பெறட்டும் என்று அத்தையிடம் கேட்டுப் பாருங்கள். பூசை முடிந்து படையலைப் பகிரும்போது, அதிலிருக்கும் சோறு, வடை, பழம், இனிப்பு ஆகியவற்றில் கறி படாத ஒன்றைக் கையேந்தி வாங்கி உண்ணுங்கள். ஏதோ ஒன்றை வாங்கிக்கொண்டால் படையலை ஏற்றதாகிவிடும் என்பதைப் பெரியவர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். காப்புக் கட்டியவர்களும் மாலை போட்டவர்களும் செய்வது அதுதான்.

சத்தைப் பற்றிய அச்சத்தில் பாதி உண்மை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, வளர்ந்தவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 55 கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 46 கிராம். பருப்பு, பயறு, தயிர், வேர்க்கடலை ஆகியவற்றை மூன்று வேளைக்கும் பங்கிட்டு உண்டால் இது கிடைத்துவிடும். பெண்களுக்கு இரும்புச்சத்து 29 மில்லிகிராம் வேண்டும். செடிவழி இரும்பை உடல் குறைவாகவே ஈர்த்துக்கொள்ளும் என்பதால், எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்து உண்பதும், சாப்பிட்ட கையோடு காபி, தேநீர் குடிக்காமல் ஒரு மணி நேரமாவது தள்ளிப்போடுவதும் நல்லது. விருந்து முடிந்ததும் எல்லாருக்கும் வரும் ஃபில்டர் காபியை அன்றும் அப்படியே தள்ளிப்போடுங்கள். உண்மையான கவனம் தேவைப்படுவது வைட்டமின் பி12க்கு. செடிகொடிகளில் அது ஏறக்குறைய இல்லை. பாலிலும் தயிரிலும் ஓரளவு உண்டு. ஈரலில் இருக்கும் சேமிப்பு நெடுநாள் தாங்கும் என்பதால் குறைபாடு மெல்லத்தான் வெளிப்படும்: காரணமற்ற சோர்வு, கைகால் மதமதப்பு, நாக்கில் எரிச்சல். முட்டையையும் விட்டுவிட்டதால், கரிநாளுக்குக் காத்திராமல் ஒருமுறை ஹீமோகுளோபின், பி12 இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அளவு குறைந்திருந்தால் மருத்துவர் மாத்திரை எழுதித் தருவார். சீரான பரிசோதனை முடிவை அத்தையிடம் காட்டினால் அவருடைய கவலையும் குறையும்.

மகன் என்ன உண்பது என்பதை அவனே பார்த்துக்கொள்ளட்டும். பாட்டி ஊட்டும் கறியை நீங்கள் தடுக்கவும் வேண்டாம், உங்களைப் பார்த்து அவன் தயங்கினால் வற்புறுத்தவும் வேண்டாம். ஏன் உண்பதில்லை என்று அவன் கேட்டால், "அம்மாவுக்கு ஆட்டுக்குட்டிய நெனச்சா சாப்பிட முடியல. பாட்டிக்கும் அப்பாவுக்கும் அப்படி இல்ல. ரெண்டு பேர் மேலயும் தப்பு இல்ல" என்று பாட்டியின் காதில் விழும்படியே சொல்லுங்கள். பிறகு அவனை மொச்சை பிதுக்க உட்கார வையுங்கள். பருப்பு வழுக்கி ஓடுவது எட்டு வயதுப் பிள்ளைக்கு நல்ல விளையாட்டு.